செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். தருமபுரியில் இயங்கிவரும் நம் உடற்பயிற்சிச் சங்கத்தின் 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான பணிகளை உங்கள் முன் வைக்கிறேன்.

செயற்குழு ஆறு முறை கூடியது. ஆயுத பூஜை வழக்கம்போல் நடைபெற்றது. பொங்கலையொட்டிப் பள்ளி மாணவர்களுக்குத் தண்டால் போட்டி நடத்தித் தலைவர் பரிசு வழங்கினார். மழையில் ஒழுகிய கூரைத் தகடுகள் மாற்றப்பட்டன.

இவ்வாண்டின் முதன்மைப் பணி, சென்ற பொதுக்குழுவில் நான் முன்மொழிந்து, சிலருடைய தயக்கத்துக்கிடையே ஒப்புதல் பெற்ற வேக அளவீட்டுத் திட்டமாகும்; அதாவது எடை மாட்டும் இரும்புத் தண்டான ராடு எவ்வளவு வேகமாக மேலேறுகிறது என்பதை அளந்து எழுதுவது. இதற்கு ஏன் இவ்வளவு நாளும் பணமும் என்ற கேள்வி ஆண்டு முழுவதும் என் காதில் விழுந்துகொண்டிருந்ததால், இதைச் சற்று விரிவாகச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

தூக்கிய எடையை மட்டும் நோட்டில் எழுதிவைத்தால் பயிற்சியில் பாதிதான் பதிவாகிறது. தொலைவில் இல்லாத வேலூரைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014, 2018 காமன்வெல்த் போட்டிகளில் தங்கம் வென்றதை நம் கூடத்தில் பேசாதவர் இல்லை. ஆனால் தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்கும் ஸ்னாட்ச்சில் ராடு மேலே போவது பலத்தால் மட்டுமன்று, வேகத்தாலும்தான் என்பதை நாம் ஒருபோதும் அளந்து பார்த்ததில்லை. ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் கொன்சாலஸ்-படியோ, சான்செஸ்-மெதினா இருவரும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், மல்லாந்து படுத்து எடையை மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ்ஸில் ஒருவர் ஒரே ஒரு முறை மட்டும் தூக்கக்கூடிய உச்ச எடையின்போது ராடின் சராசரி வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 0.16 மீட்டராக இருப்பதைக் காட்டினர். எடை குறையக் குறைய வேகம் ஒழுங்காகக் கூடுவதால், வேகத்தைக் கொண்டே அன்றைய எடை ஒருவருடைய உச்சத்தில் எத்தனை விழுக்காடு என்று மதிப்பிடலாம். தோள் நோக வாராவாரம் உச்ச எடையைச் சோதிக்க வேண்டியதில்லை. இடைவிடாமல் தொடர்ந்து தூக்கும் ஒரு செட்டை எங்கே நிறுத்துவது என்பதற்கும் இதுவே வழி. 2017இல் பரேஹா-பிளாங்கோ குழுவினர், எடையைத் தோளில் சுமந்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டில் வேகம் 20 விழுக்காடு குறைந்ததும் நிறுத்தியவர்களையும் 40 விழுக்காடு குறையும்வரை தொடர்ந்தவர்களையும் ஒப்பிட்டபோது, குறைவாகச் செய்த முதல் குழுவினரின் பலம் மற்றவர்களுக்கு இணையாகவே கூடியது. நின்ற இடத்திலிருந்து மேலே எம்பிக் குதிக்கும் திறன் அவர்களுக்கே கூடுதலாக வளர்ந்தது. தசைப் பருமன் மட்டும் இரண்டாம் குழுவினருக்கு அதிகம் கூடியது. காலையில் பயிற்சி முடித்துவிட்டு நாள் முழுதும் நின்று வேலை செய்யும் நம் உறுப்பினர்களுக்கு இது சிறிய செய்தியன்று.

முதலில் ராடில் மாட்டும் சிறு கருவி ஒன்றை வாங்கினோம். அது முடுக்கத்தை அளந்து, அதைக் காலப்போக்கில் கூட்டி வேகத்தைக் கணக்கிடும் வகை. முடுக்கத்தில் 0.1 மீ/வினாடி² அளவுக்குப் பிழை இருந்தால் ஒரு வினாடி முடிவில் வேகத்திலும் வினாடிக்கு 0.1 மீட்டர் பிழை சேர்ந்துவிடுகிறது, 0.16ஐ அளக்க வேண்டிய இடத்தில் இது பாதிக்கும் மேல். ராடு நிற்கும் கணத்தை அறிந்து தன்னைத் திருத்திக்கொள்ளும் நல்ல கருவிகளும் உண்டு. நாம் வாங்கியதில் அது எவ்வாறு நடக்கிறது என்பதை விற்றவர் விளக்கவில்லை. ஒரே உறுப்பினர் ஒரே எடையைப் பத்து நிமிட இடைவெளியில் தூக்கியபோது வந்த இரு எண்களும் பொருந்தாததால் அதை ஒதுக்கிவைத்தேன்.

பிறகு மோட்டார் வேலை தெரிந்த உறுப்பினர் ஒருவருடைய துணையுடன் கயிறு வகைக் கருவியை நாமே செய்தோம். ராடில் கட்டிய மெல்லிய கயிறு உருளையைச் சுழற்ற, சுழற்சியை மின்துடிப்புகளாக மாற்றி ஒரு சுற்றுக்கு 600 துடிப்பு தரும் என்கோடர், துடிப்புக்கு நான்காக, அதை 2,400 படிகளாக எண்ணுகிறது. உருளையின் சுற்றளவு 20 செ.மீ. என்பதால் ஒரு படி 0.083 மி.மீ. மட்டுமே. தூரத்தை நேரடியாக அளப்பதால் பிழை குவிவதில்லை. ஆனால் வினாடிக்கு 200 முறை படித்தால் ஒரு படி வித்தியாசமே வேகத்தில் வினாடிக்கு 0.017 மீட்டராகத் தெரியும். ஆகவே நொடிப்பொழுது உச்ச வேகத்தை விட்டுவிட்டு, ஏறிய தூரத்தை எடுத்துக்கொண்ட நேரத்தால் வகுத்த சராசரியையே பதிவேட்டில் ஏற்றுவது என முடிவு செய்தேன்.

இங்கே ஒரு வருத்தமான செய்தியைச் சொல்ல வேண்டும். கயிற்றின் முதல் ஒரு மீட்டரை ஸ்கேலோடு ஒப்பிட்டுத்தான் அளவைச் சரிபார்த்திருந்தோம். ஒரு மி.மீ. தடிமனுள்ள கயிறு உருளையில் இரண்டு அடுக்காகச் சுற்றியிருந்ததையும், ஸ்குவாட்டில் நிமிரும்போது உள்ளடுக்குதான் அவிழ்கிறது என்பதையும் மூன்று வாரம் கழித்தே கண்டேன். அடுக்கு ஒன்றுக்கு உருளையின் விட்டம் 2 மி.மீ. மாறும், வெளியடுக்கைக் கொண்டு அளவு வைத்திருந்ததால் கருவி வேகத்தை 3 விழுக்காடு கூடுதலாகக் காட்டியது. அதே வாரத்தில் நம் பிளேட்டுகளைப் புளி மண்டியின் முத்திரையிட்ட மின்னணுத் தராசில் நிறுத்தபோது, 20 கிலோ என்று பொறித்தவை 19.3 கிலோவே இருந்தன. சர்வதேசப் போட்டிப் பிளேட்டில் 20 கிலோவுக்கு 10 கிராமுக்கு மேல் குறையக் கூடாது. திறன் என்பது விசையும் வேகமும் பெருக்கியது என்பதால் இரு பிழைகளும் சேர்ந்து, ராடோடு சேர்த்து நான்கு பிளேட் மாட்டிய 100 கிலோவுக்கு ஏறத்தாழ 6 விழுக்காடு மிகைப்படுத்தின. அந்த மூன்று வாரப் பதிவுகளையும் நானே அடித்தேன். தம் சாதனை எண்ணை நான் குறைத்துவிட்டதாக வருந்திச் சிலர் கூடத்துக்கு வருவதையே நிறுத்திக்கொண்டனர். அவர்கள் உழைப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. தவறான எண்ணின்மேல் அடுத்த மாதப் பயிற்சியை ஏற்றிவைக்க என் மனம் ஒப்பவில்லை. இப்போது கயிறு ஒரே அடுக்காகப் படியும் அகன்ற உருளை பொருத்தப்பட்டுள்ளது.

ஓசூரிலிருந்து வந்த நண்பர் ஒருவர் 80 கிலோ ஸ்குவாட்டுக்கு 870 வாட் திறன் காட்டுவதாகச் சொன்னபோது, நம் 490 வாட்டைப் பார்த்துப் பலர் சோர்ந்தனர். அரை மீட்டரை 0.8 வினாடியில் ஏற்றினால் ராடின் எடைக்கு மட்டும் 490 வாட் வருகிறது. கூடவே எழும் உடலின் எடையை, பாதமும் கெண்டைக்காலும் நீக்கி, 70 கிலோ ஆளுக்கு 62 கிலோ எனச் சேர்த்தால் அதுவே 871 ஆகிறது. எது சேர்க்கப்பட்டது என்று எழுதாத வாட் கணக்கை இனி நம் பதிவேட்டில் ஏற்பதில்லை.

கைப்பேசியில் வினாடிக்கு 240 படம் எடுத்து, 45 செ.மீ. விட்டமுள்ள பிளேட்டையே அளவுகோலாகக் கொண்டு கருவியைச் சரிபார்த்தோம். இரண்டாம் தசமத்தில்தான் வேறுபாடு இருந்தது. வழக்கமான 30 பட வீடியோ போதாது. 0.2 வினாடியில் முடியும் ஸ்னாட்ச்சின் இறுதி வேக இழுப்புக்கு அதில் ஆறே படங்கள் கிடைக்கும். ஒன்று தவறினாலே ஆறில் ஒரு பங்கு பிழை. இச்சரிபார்ப்பு முழுமையடைய, இருபது பேர் இரண்டு ஞாயிறுகளில் அதே எடையைத் தூக்க வேண்டியிருந்தது. முதல் ஞாயிறு பதினாறு பேர் வந்தனர். இரண்டாம் ஞாயிறு ஏழு பேர். விடியற்காலை ஐந்தரை மணிக்கு நானும் மோட்டார் வேலை தெரிந்த உறுப்பினரும் கருவியை வைத்துக்கொண்டு காத்திருந்தோம். ஒரே ஆள் இரு நாளில் தரும் எண்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று தெரியாமல், அடுத்த மாதம் காணும் சிறு ஏற்றம் உண்மையான முன்னேற்றமா என்று எவராலும் சொல்ல முடியாது.

மாதச் சந்தா நூறு ரூபாய். உறுப்பினரில் பாதிக்கு மேற்பட்டோர் ஆறு மாதத்துக்கும் மேல் பாக்கி வைத்துள்ளனர். கருவியில் தம் வேகத்தைப் பார்க்க ஆர்வத்துடன் வரிசையில் நின்ற சிலரும் அதில் அடக்கம் என்பது எனக்கு மன வேதனை அளிக்கிறது.

வரவு செலவு விவரங்களைப் பொருளாளர் வாசிப்பார். செலவு வரவைவிடச் சற்றுக் கூடியுள்ளது. குறைவு முன்னிருப்பிலிருந்தும் ஒரு சிறு கைமாற்றிலிருந்தும் ஈடுசெய்யப்பட்டது. சில ரசீதுகள் இன்னும் சேர வேண்டியுள்ளன.

தராசைத் தந்துதவிய மண்டி உரிமையாளருக்கும், ஊதியமின்றி உழைத்த உறுப்பினருக்கும், தலைவருக்கும், செயற்குழுவினருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி.

வரும் ஆண்டில் இளையவர் ஒருவர் செயலாளர் பொறுப்பை ஏற்க முன்வந்தால் மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன். ஆனால் அளவீட்டுப் பதிவேட்டை மாதம் ஒரு முறையேனும் கயிற்றையும் தராசையும் சரிபார்த்து எழுதும் ஒருவரிடம்தான் கொடுக்க விரும்புகிறேன். கயிறு தேய்ந்துவிட்டது, புதிதாக வாங்க வேண்டும். விடுபட்ட இரண்டாம் நாள் அளவீடு ஜூன் முதல் ஞாயிறு காலை ஆறு மணிக்கு நடைபெறும். வர இயலாதவர்கள் முன்னதாகவே தெரிவிக்கவும், பாக்கிச் சந்தாவை அன்றைக்குள் பொருளாளரிடம் செலுத்தவும் வேண்டிக்கொண்டு, இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்
தருமபுரி