ஃபாக் லைட்டில் எச்.ஐ.டி பல்பு: விற்பனையையும் சோதனையையும் முறைப்படுத்தக் கோரும் மனு

அனுப்புநர்:
ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர்

பெறுநர்:
உயர்திரு போக்குவரத்து ஆணையர் அவர்கள்,
போக்குவரத்துத் துறை.

பொருள்: கார்களின் ஹாலோஜன் ஃபாக் லைட்டுக்குள் (மூடுபனிக்கான கீழ்விளக்கு) எச்.ஐ.டி பல்பு (ஃபிலமெண்ட் இல்லாமல், வாயுவில் மின்சாரம் பாய்ந்து எரிவது) மாட்டுவதைத் தடுக்கவும், நல்ல வெளிச்சம் வேண்டுவோருக்குச் சட்டப்படியான வழி ஒன்றைத் திறந்துவிடவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம்.

கார்களுக்கு வயரிங், லைட் வேலை பார்த்துப் பிழைப்பவன் நான். மழையும் பனியும் தொடங்கிவிட்டால் என்னிடம் வருகிறவர்களில் பலர் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "ஃபாக் லைட்டுக்கு எச்.ஐ.டி போட்டுத் தர முடியுமா?" முடியாது என்று காரணம் சொல்லி அனுப்புகிறேன். வேறு கடையில் போட்டுக்கொண்டு போய்விடுகிறார்கள். அந்த விளக்கு எதிரே வருகிறவர் கண்ணில் என்ன செய்யும் என்று தெரிந்த பிறகு சும்மா இருக்க மனம் ஒப்பவில்லை. அதனால்தான் இந்த மனு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எச்.ஐ.டி கேட்டு வருகிறவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. அவர்களுடைய குறை உண்மையான குறை. பல கார்களில் கம்பெனியே பொருத்தித் தரும் ஃபாக் லைட்டில் எச்8 பல்புதான் இருக்கும். 35 வாட், சுமார் 800 லூமென் (லூமென் என்பது பல்பு தரும் வெளிச்சத்தின் அளவு). எச்16 என்றால் இன்னும் குறைவு, 19 வாட், 500 லூமென். எச்11 பரவாயில்லை, 55 வாட்டில் 1350 லூமென் தரும். இந்த இடத்தில் 35 வாட் எச்.ஐ.டி பல்பு வந்து நிற்கிறது. கார்களின் ஹெட்லைட்டுக்கென்று தரப்படுத்தப்பட்ட டி2எஸ் வகை எச்.ஐ.டி பல்பு 35 வாட்டிலேயே 3200 லூமென் தருகிறது. கரண்டும் குறைவு, வெளிச்சமும் பல மடங்கு என்று கடைக்காரர் சொன்னால் யாருக்குத்தான் ஆசை வராது? கணக்கில் பொய் இல்லை. பல்பிலிருந்து எவ்வளவு வெளிச்சம் வருகிறது என்பதோடு அந்தக் கணக்கு நின்றுவிடுகிறது. அந்த வெளிச்சம் எங்கே போய் விழுகிறது என்பதை அது சொல்வதில்லை.

ஃபாக் லைட்டின் வேலையே வெளிச்சத்தைத் தாழ்த்தி, அகலமாக, வண்டிக்குப் பக்கத்திலேயே விரித்துப் போடுவதுதான். அதன் மேல்விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல நேராக இருக்க வேண்டும். அதற்கு மேலே இருட்டு. இந்தக் கட்-ஆஃப் பல்பினால் வருவதில்லை. பல்புக்குள் ஃபிலமெண்ட் எந்த இடத்தில், எந்தத் திசையில், எவ்வளவு நீளத்தில் நிற்கிறது என்பதை மில்லிமீட்டருக்கும் குறைவான துல்லியத்தில் கணக்கிட்டு, அதற்கேற்ப ரிஃப்ளெக்டரை வளைத்திருக்கிறார்கள். எச்.ஐ.டி பல்பில் ஃபிலமெண்டே கிடையாது. குப்பிக்குள் இரண்டு மின்முனைகளுக்கு நடுவே ஒரு ஆர்க் எரிகிறது. அந்த ஆர்க் நேர்கோடாக இருக்காது, லேசாக வளைந்திருக்கும். நடுவைவிட இரண்டு முனைகளின் ஓரத்தில்தான் பிரகாசம் அதிகம். அப்புறம், குப்பியின் பக்கவாட்டில் திரும்பி வரும் கம்பி ஒன்று உண்டு, அது தன் பங்குக்கு ஒரு நிழலைப் போடும். அடிப்பாகம் எச்11 ஹோல்டரில் கச்சிதமாக உட்கார்ந்துவிடலாம். உள்ளே வெளிச்சம் பிறக்கும் இடமும் வடிவமும் வேறு.

எச்3 பல்பை எடுத்துக்கொண்டால் விஷயம் இன்னும் தெளிவாகப் புரியும். அதில் ஃபிலமெண்ட் பல்பின் நீளவாக்கில் இருக்காது, குறுக்கே நிற்கும். எச்3 என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டு விற்கும் எச்.ஐ.டி பல்பில் ஆர்க் நீளவாக்கில் இருக்கிறது. திசையே 90 டிகிரி மாறிப்போகிறது. எவ்வளவு நல்ல கம்பெனி செய்தாலும் இதைச் சரிசெய்ய முடியாது. எச்8, எச்11 ஹாலோஜன் பல்புகளின் நுனியில் கறுப்புப் பூச்சு இருப்பதைத் தாங்கள் பார்த்திருக்கலாம். ரிஃப்ளெக்டரில் படாமல் நேரே முன்னால் பாயும் வெளிச்சத்தை மறைக்கத்தான் அந்தப் பூச்சு. மாற்று எச்.ஐ.டி பல்புகள் பலவற்றில் அது இருப்பதே இல்லை.

இதைச் சோதிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். சமதரையில், ஒரு சுவரிலிருந்து சில மீட்டர் தள்ளிக் காரை நிறுத்தி ஃபாக் லைட்டைப் போட்டுப் பார்த்தால் போதும். ஹாலோஜன் பல்பு என்றால் சுவரில் படுக்கைவாட்டில் ஒரு கோடு தெரியும், கோட்டுக்குக் கீழே வெளிச்சம், மேலே இருட்டு. அதே விளக்கில் எச்.ஐ.டியை மாட்டினால் அந்தக் கோடு கரைந்துவிடும். கீழே ஆங்காங்கே திட்டுத் திட்டாக அதிவெளிச்சம், நடுவில் இருண்ட பட்டைகள், மேலே சுவர் உச்சிவரைக்கும் ஒரு வெளிறிய ஒளி. உச்சிக்குப் போகும் அந்த வெளிச்சத்தால் ஓட்டுகிறவருக்கு ஒரு பயனும் இல்லை. அது முழுக்க எதிரே வருகிறவருக்குத்தான்.

"கீழே பம்பரில் இருக்கும் விளக்கு எப்படிக் கண்ணில் அடிக்கும்?" என்று கேட்கிறார்கள். தரையிலிருந்து 60 சென்டிமீட்டர் உயரத்தில் விளக்கு இருப்பதாக வைத்துக்கொள்வோம். எதிரே காரில் வருகிறவரின் கண் சுமார் 115 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். 50 மீட்டர் தூரத்தில் அந்தக் கண் விளக்கின் நேர்மட்டத்துக்கு மேலே முக்கால் டிகிரிகூட இல்லை. வெளிச்சம் அந்த அளவுக்கு மேலே கசிந்தாலே போதும், நேராகக் கண்ணுக்குப் போய்விடும். எச்.ஐ.டி மாட்டிய ஃபாக் லைட்டில் கசிவு அந்த அளவோடு நிற்பதில்லை. சாலை நனைந்திருந்தால் கேட்கவே வேண்டாம், காருக்கு முன்னால் கொட்டும் வெளிச்சம் தண்ணீரில் பட்டுத் தெறித்து எதிர்ப்பக்கம் பாய்கிறது. இரு சக்கர வாகனத்தில் வருகிறவருக்குத் தடுப்பு எதுவும் இல்லை. வயதானவர்களுக்கு ஒருமுறை கண் கூசினால் பார்வை திரும்பவும் தெளிய நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில் சாலையோரம் நடந்து போகிறவர் அவர்கள் கண்ணில் படமாட்டார்.

மாட்டிக்கொண்டவருக்காவது நன்மை உண்டா என்றால், அதுவும் இல்லை என்பதுதான் வேதனை. மூடுபனி என்பது காற்றில் மிதக்கும் நுண்ணிய நீர்த்துளிகள். வெளிச்சம் அவற்றில் பட்டு நாலாபக்கமும் சிதறும். ஒரு பகுதி ஓட்டுகிறவரின் கண்ணுக்கே திரும்பி வரும். மேலே சிதறும் வெளிச்சம் கூடக்கூட முன்னால் ஒரு வெள்ளைத் திரைதான் எழும்பும். ஃபாக் லைட்டைத் தாழ்வாக வைத்ததும், மேல்பக்கத்தை இருட்டாக வைத்ததும் இந்தத் திரை எழும்பாமல் இருக்கத்தான். எச்.ஐ.டி மாட்டுகிறவர் அந்த ஏற்பாட்டைத்தான் கெடுக்கிறார். பனி இல்லாத இரவிலும் சிக்கல் உண்டு. காருக்கு முன்னால் சில மீட்டருக்குள் பளீரென்று வெளிச்சம் கிடந்தால் கண்ணின் பாப்பா சுருங்கிக்கொள்ளும். தூரத்தில் கிடக்கும் கல்லும் பள்ளமும் முன்பைவிட மங்கலாகத்தான் தெரியும். ஓட்டுகிறவரோ பக்கத்து வெளிச்சத்தைப் பார்த்து, "ஆகா, எவ்வளவு நன்றாகத் தெரிகிறது!" என்று இன்னும் வேகமாகப் போகிறார். என்னை மிகவும் பயமுறுத்துவது இதுதான்.

நிறத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெளிச்சத்தின் நிறத்தைக் குறிக்கும் கெல்வின் என்ற அளவில் 4300, 6000, 8000 என்று விற்கிறார்கள். எண் கூடினால் வெளிச்சம் கூடும் என்று வாங்குகிறவர்கள் நம்புகிறார்கள். உண்மையில் எண் கூடக்கூட நீலம்தான் கூடுகிறது, பயனுள்ள வெளிச்சம் குறைகிறது. நீலம் கலந்த வெளிச்சம் கண்ணை அதிகம் உறுத்தும். மஞ்சள் வெளிச்சம் பனியைத் துளைத்துக்கொண்டு போகும் என்று சொல்வதும் முழு உண்மை அல்ல. பனித்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பெரியவை, எந்த நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். நீலத்தைக் குறைத்த வெளிச்சம் கண்ணுக்கு இதமாக இருக்கும், அவ்வளவுதான்.

மின்சாரப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எச்.ஐ.டியைப் பற்றவைக்க, அதனோடு வரும் பேலஸ்ட் என்ற மின்பெட்டி 20,000 வோல்ட்டுக்கு மேல் ஒரு துடிப்பை அனுப்புகிறது. அந்தப் பெட்டியைத் தண்ணீரும் சேறும் அடிக்கும் பம்பருக்குப் பின்னால் டேப் சுற்றித் தொங்கவிடுகிறார்கள். பற்றும்போது அது இழுக்கும் கரண்ட், எரியும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு. ஃபியூஸ் போகிறது, உடனே பெரிய ஃபியூஸாகப் போட்டுவிடுகிறார்கள். பழைய மெல்லிய வயர் சூடேறி இளகுகிறது. இளகிய வயர்களை நான் அவிழ்த்துப் பார்த்திருக்கிறேன்.

எச்.ஐ.டி தொழில்நுட்பத்தின் மேல் எனக்குப் பகை எதுவும் இல்லை. 1991-லேயே பி.எம்.டபிள்யூ தன் 7 சீரிஸ் கார்களில் செனான் (எச்.ஐ.டி) ஹெட்லைட்டைக் கொண்டுவந்துவிட்டது. அந்த பல்புக்கென்றே வடிவமைத்த விளக்கில் அது அருமையாக வேலை செய்யும். ஹெட்லைட்டின் டிம் வெளிச்சத்துக்கு 2000 லூமெனுக்கு மேற்பட்ட பல்பு வைத்தால், வண்டியில் ஏறும் பாரத்துக்கு ஏற்ப விளக்கு தானாகத் தாழ வேண்டும், முகப்புக் கண்ணாடியைக் கழுவும் அமைப்பும் வேண்டும் என்று ஐ.நா.வின் 48-ஆம் எண் வாகன ஒழுங்குமுறை நெடுங்காலமாக நிபந்தனை வைத்திருந்தது. ஹெட்லைட்டுக்கே இவ்வளவு எச்சரிக்கை தேவைப்பட்டிருக்கிறது. இங்கே அதே பல்பை எந்த நிபந்தனையும் இல்லாமல் ஃபாக் லைட்டுக்குள் திணிக்கிறார்கள். ஹாலோஜன் ஹெட்லைட்டில் போடும் எச்.ஐ.டி மாற்று செட்டுகள் பாதுகாப்புத் தரத்துக்குப் பொருந்தாதவை என்று அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் சொல்லியிருக்கிறது. பிரிட்டனின் வருடாந்திரச் சோதனையில் அப்படி மாற்றிய ஹெட்லைட் தேறாது. அவர்கள் ஹெட்லைட்டுக்குச் சொல்லும் காரணம் ஃபாக் லைட்டுக்கும் வரிக்கு வரி பொருந்துகிறது. ஆனால் தகுதிச் சோதனையில் நான் பார்த்தவரை, ஃபாக் லைட் எரிகிறதா இல்லையா என்பதோடு விட்டுவிடுகிறார்கள்.

ஆகவே தங்களிடம் நான் கேட்டுக்கொள்வது இவைதான். தகுதிச் சோதனையில் ஃபாக் லைட்டின் வெளிச்சத்தைச் சுவரிலோ திரையிலோ விழவைத்து, மேல்விளிம்பு நேராக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது. விளக்கின் கண்ணாடியிலோ கூட்டிலோ எந்த வகை பல்பு என்று பொறித்திருக்கும். உள்ளே இருப்பது அதுதானா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். பம்பருக்குப் பின்னால் பேலஸ்ட் பெட்டி தொங்கினால் அதுவே போதுமான அடையாளம். அப்படி மாற்றியிருந்தால் முதல் தடவையே அபராதம் போடாமல், பழைய பல்பை மாட்டிக்கொண்டு வர அவகாசம் கொடுங்கள். தெரியாமல் போட்டவர்கள்தான் அதிகம்.

இதைவிட முக்கியம் விற்பனை. வாங்கியவரை மட்டும் பிடித்துப் பயனில்லை. "பொதுச்சாலையில் பயன்படுத்த அல்ல" என்று பெட்டியின் ஓரத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டுவிட்டு, பொதுச்சாலையில் ஓடும் கார்களுக்கே இவற்றை விற்கிறார்கள். எச்3, எச்8, எச்11 போன்ற ஹாலோஜன் ஹோல்டரில் பொருந்தும்படி அடிப்பாகம் செய்த எச்.ஐ.டி பல்புக்குச் சட்டப்படி ஓடும் காரில் இடமே இல்லை. அந்த வகையை விற்பதையும் பொருத்திக் கொடுப்பதையும் தடுக்க ஆவன செய்ய வேண்டும். கடைகளில் மட்டுமல்ல, ஆன்லைன் விற்பனையிலும்.

தடையோடு நின்றுவிட்டால் ஜனங்கள் திருட்டுத்தனமாகத்தான் மாட்டிக்கொள்வார்கள். வெளிச்சம் போதவில்லை என்பது நிஜம் என்பதால், நல்ல வழியையும் காட்ட வேண்டும். ஒப்புதல் பெற்ற முழு ஃபாக் லைட் யூனிட்டுகள் இருக்கின்றன. பல்பும் ரிஃப்ளெக்டரும் ஒன்றுக்கொன்று கணக்குப் பார்த்துச் செய்தவை. அப்படிப்பட்ட யூனிட்டாக மாற்றிக்கொள்ளலாம் என்று துறையே தெளிவாக அறிவித்து, தகுதியான தயாரிப்புகளின் பட்டியலை வெளியிட வேண்டும். ஜெர்மனியில் 2020-இல் ஹாலோஜன் ஹெட்லைட்டில் போடும் ஆஸ்ராம் எல்.இ.டி பல்பு ஒன்றுக்கு, எந்தெந்தக் கார் விளக்குகளில் சோதித்துத் தேறியதோ அவற்றுக்கு மட்டும் அனுமதி கொடுத்தார்கள். அந்த முறையை ஃபாக் லைட்டுக்கும் கொண்டுவரலாம். சோதித்துப் பார், தேறினால் அனுமதி என்பதை யாரும் எதிர்க்கமாட்டார்கள்.

ஓட்டுநர் உரிமத் தேர்வில் ஃபாக் லைட்டை எப்போது போட வேண்டும் என்று ஒரு கேள்வியாவது இருக்கட்டும். அடர்ந்த மூடுபனி, பனிப்பொழிவு, கனமழை போன்ற நேரங்களில் மட்டும்தான் என்று 1968-ஆம் ஆண்டின் வியன்னா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கை சொல்கிறது. நடைமுறையில் தெளிந்த வானத்தின் கீழும் இரவு முழுக்க எரியவிட்டுக்கொண்டு போகிறார்கள்.

என்னைப் போன்ற மெக்கானிக்குகளுக்கும் எலக்ட்ரீஷியன்களுக்கும் துறை சார்பில் ஒரு சுற்றறிக்கை வந்தால் பெரிய உதவியாக இருக்கும். "இது கூடாது" என்று நான் வாயால் சொன்னால் வாடிக்கையாளர் நம்புவதில்லை, வேலை தெரியாதவன் என்று நினைத்துக்கொள்கிறார். அரசாங்க முத்திரையோடு ஒரு தாள் சுவரில் இருந்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

மேற்கண்டவற்றைப் பரிசீலித்துத் தக்க உத்தரவு பிறப்பிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தாங்கள் விரும்பினால், துறை அலுவலர்கள் முன்னிலையில் ஒரே விளக்கில் இரண்டு பல்புகளையும் மாற்றி மாற்றி மாட்டி, வெளிச்சம் எங்கே விழுகிறது என்று நேரில் காட்ட எப்போதும் தயாராக இருக்கிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஆட்டோ எலக்ட்ரீஷியன்