தளபதிகள் தூதர்களாகும்போது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பயங்கரவாத எதிர்ப்புக்கான தூதுப் பொறுப்புகளில் முன்னாள் ராணுவ அதிகாரிகளை அமர்த்தும் அமெரிக்க வழக்கத்தைக் கண்டித்துத் தங்கள் இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். ஆணையிட்டே பழகியவருக்குப் பிற நாடுகளோடு பேசி இணங்கவைக்கும் பொறுமை வாய்க்காது என்கிறார் கட்டுரையாளர். அந்தக் கவலை நியாயமானதுதான். ஆனால், ராணுவத்தில் இருந்தார் என்பதற்காகவே ஒருவரை ஒதுக்குவது சரியாகாது. அங்கே அவர் என்ன வேலை செய்தார், எந்தப் பழக்கத்தோடு வெளியே வந்தார் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

பிரான்சிஸ் டெய்லர் அமெரிக்க விமானப் படையில் 31 ஆண்டுகள் பணியாற்றி, பிரிகேடியர் ஜெனரலாக ஓய்வுபெற்று, 2001 ஜூலையில் வெளியுறவுத் துறையின் பயங்கரவாத எதிர்ப்பு ஒருங்கிணைப்பாளரானவர். அதற்கு முன் விமானப் படையின் சிறப்புப் புலனாய்வு அலுவலகத்துக்குத் தலைமை வகித்தவர் என்பதால், குற்ற விசாரணையும் எதிர் உளவும் அவருக்குக் கைவந்த தொழில். பொறுப்பேற்ற சில வாரங்களிலேயே செப்டம்பர் 11 தாக்குதல் நிகழ்ந்தது. மறுநாள் கூடிய, அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் அடங்கிய ராணுவக் கூட்டணியான நேட்டோவின் கவுன்சில், அது வெளிநாட்டிலிருந்து ஏவப்பட்ட தாக்குதல் என்று உறுதிப்பட்டால் மட்டுமே, உறுப்பு நாடு ஒன்றின் மீதான தாக்குதலை அனைவர் மீதான தாக்குதலாகக் கொள்ளும் 5ஆவது பிரிவு பொருந்தும் என்று முடிவெடுத்தது. அக்டோபர் 2 அன்று பிரஸ்ஸல்ஸில் அந்தக் கவுன்சிலின் முன் ஆதாரங்களை எடுத்துவைத்தவர் டெய்லர். அல் காய்தாவின் பங்கை அவை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டுகின்றன என்று பொதுச் செயலாளர் ஜார்ஜ் ராபர்ட்சன் அன்றே அறிவித்தார். 1949இல் கையெழுத்தான உடன்படிக்கையின் அந்தப் பிரிவு முதன்முறையாக நடைமுறைக்கு வந்தது. கதவடைத்து நடந்த கூட்டம் என்பதால் அந்த ஆதாரங்களை மக்கள் காணவில்லை, அது ஒரு குறையே. ஆயினும் அன்று அங்கிருந்த 19 நாடுகளில் எதுவும் டெய்லரின் ஆணைக்குக் கீழ்ப்பட்டதல்ல. ஒரு விசாரணை அதிகாரி தன் வழக்கை நிறுவுவதுபோல்தான் அவர் அவர்களை ஏற்கவைக்க வேண்டியிருந்தது.

இதற்கு நேர்மாறான நிகழ்வு அதிக காலம் கழித்து நடந்ததல்ல. 2003 பிப்ரவரி 5 அன்று, முப்படைகளின் கூட்டுத் தலைவராக இருந்து வெளியுறவு அமைச்சரான காலின் பாவெல், ஐ.நா. பாதுகாப்பு அவையில் இராக்கின் பேரழிவு ஆயுதங்களைப் பற்றியும் அல் காய்தாவுடன் அந்நாட்டுக்கு இருந்ததாகச் சொல்லப்பட்ட தொடர்பைப் பற்றியும் பேசினார். அவர் சொன்ன ஆயுதங்கள் கிடைக்கவே இல்லை. அந்த உரை தன் வாழ்க்கையில் ஒரு கறை என்று 2005இல் அவரே ஒப்புக்கொண்டார். அன்று பலர் அவரை நம்பியதற்குச் சான்றுகளின் வலிமையைவிட, நேர்மையான போர்வீரர் என்று அவர் ஈட்டியிருந்த பெயரே பெரிய காரணம் என்பது என் கருத்து. கட்டுரையாளர் அஞ்ச வேண்டிய ஆபத்து இதுதான்: ராணுவத்தின் மீதுள்ள மதிப்பு, கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்கவிடாமல் செய்துவிடுகிறது.

கட்டுரையில் இடம்பெற்ற ஜெனரல் ஜான் ஆலனைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஐ.எஸ். அமைப்புக்கு எதிரான கூட்டணியின் சிறப்புத் தூதராக 2014 செப்டம்பரில் அவரை அதிபர் ஒபாமா நியமித்தபோது, குண்டுவீச்சை நடத்தும் அதிகாரம் மேற்காசியாவுக்குப் பொறுப்பான அமெரிக்க ராணுவத்தின் மத்தியக் கட்டளையகத்திடமே இருந்தது. அந்நியப் போராளிகளின் வருகையைத் தடுப்பது, பணம் வரும் வழிகளை அடைப்பது போன்றவற்றுக்காக நாடு நாடாகச் சென்று பேசுவதே ஆலனின் வேலை. இராக்கின் அன்பார் மாகாணத்தில் பழங்குடித் தலைவர்களோடு அமர்ந்து பேசிய அனுபவம் அதற்குக் கைகொடுத்திருக்கும். 2015இல் அவர் விலகியபின் அந்தப் பொறுப்பு, அவருக்குத் துணையாக இருந்த, சட்டம் படித்த பிரெட் மெக்கர்க்கிடம் சென்றது.

டெய்லர் வகித்த பதவிக்கு செனட்டின் ஒப்புதல் தேவை. ஆலனுக்கு அளிக்கப்பட்ட பதவிக்கு அது தேவைப்படவில்லை. ராணுவத்திலிருந்து வருகிறவர்களைத் தடுக்க விதி கேட்பதைவிட, இத்தகைய சிறப்புத் தூதர்கள் எல்லோரையும் நியமனத்துக்கு முன் செனட்டின் வெளிப்படையான விசாரணைக்கு உட்படுத்த வேண்டும் என்று கட்டுரையாளர் எழுதியிருந்தால் நான் முழுமனதோடு அவர் பக்கம் நின்றிருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி