உலையடி வீடு

சேன் ஃபிலிப், ரீயூனியன் தீவு,
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்புள்ள மலருக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் சுகம். வயிற்றுப்பிள்ளை உதைக்கத் தொடங்கிவிட்டது என்று நீ சொன்ன நாளிலிருந்து அப்பா தினமும் காலண்டரைப் பார்த்து வாரக் கணக்குப் போடுகிறார். நேரத்துக்குச் சாப்பிடு. வாந்தி வருகிறதென்று வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே.

புதன்கிழமை போனில் நீ கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. லாவா ஓடுகிற வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு அழுகிற குரலில் பேசினாய். "அந்த நெருப்புக்குக் கீழே இன்னும் எதற்கம்மா இருக்கிறீர்கள், வீட்டை விற்றுவிட்டு நான் இருக்கிற நாந்து நகரத்துக்கு வந்துவிடுங்கள்" என்றாய். நான் அடுப்பில் பால் இருக்கிறதென்று சொல்லி வைத்துவிட்டேன். அது உண்மைதான், ஆனால் அதுமட்டும் காரணமில்லை. இதைப் போனில் சொல்ல எனக்கு வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். தமிழில் எழுதினால் நீ எழுத்துக் கூட்டியாவது நிதானமாகப் படிப்பாய்.

பயம் எனக்கும் இருந்தது. கல்யாணமாகி 1993இல் காரைக்காலிலிருந்து இங்கே வந்தபோது, மலையின் பெயருக்கு என்ன அர்த்தம் என்று அப்பாவிடம் கேட்டேன். பித்தோன் தெ லா ஃபூர்னேஸ். ஃபூர்னேஸ் என்றால் உலை என்றார். அன்றிலிருந்து எனக்கு அது உலைமலை. ஆனால் அப்போது அது அடங்கிக் கிடந்தது. 1992 செப்டம்பரில் ஓய்ந்த மலை ஐந்து வருடத்துக்கும் மேலாக வாயே திறக்கவில்லை. வெறும் பெயர்தான் போலிருக்கிறது என்று நானும் நிம்மதியாகிவிட்டேன். 1998 மார்ச்சில் ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்து "வொல்கான் லா பெத்தே!" என்று கத்தினாள். எரிமலை வெடித்துவிட்டதாம். உனக்கு இரண்டு வயது. உன்னைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினால், தெருவே சிரித்த முகமாக, சோற்றுப் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு, காரை எடுத்துக்கொண்டு மலையைப் பார்க்கப் புறப்படுகிறது! எனக்குத் தலை சுற்றியது. ஆறு மாதத்துக்கும் மேல், செப்டம்பர் வரை அது ஓடிக்கொண்டே இருந்தது. முதல் மாதம் நான் தூங்கவில்லை. மூன்றாவது மாதம் நானும் சோறு கட்டிக்கொண்டு போனேன்.

ஏன் இவர்கள் ஓடாமல் பார்க்கப் போகிறார்கள் என்று பிறகுதான் புரிந்தது. எல்லா எரிமலையும் ஒரே மாதிரி இல்லை. ஜாவாத் தீவில் இருப்பவை வெடித்துச் சாம்பலைக் கொட்டுகிறவை. நம்முடையது குழம்பு இளகலானது, 1,100 டிகிரிக்கு மேல் சூடு, வெடிப்பதைவிடப் பொங்கி வழிவதே அதிகம். அதுவும் பெரும்பாலும் மலையே தனக்கென்று வெட்டிவைத்த அந்தப் பெரிய பள்ளத்துக்குள், ஆளில்லாத இடத்தில்தான் ஓடும். பள்ளத்தின் வாய் கடலைப் பார்த்துத் திறந்திருக்கிறது. அந்தச் சரிவுதான் கிராண் ப்ரூலே, பெரிய எரிந்த நிலம்.

எப்போதும் அப்படியே இருக்கும் என்று நான் சொல்லவரவில்லை. 1977 ஏப்ரலில் பள்ளத்துக்கு வெளியே வெடித்து, பித்தோன் சேன்த் ரோஸ் ஊருக்குள்ளேயே வந்துவிட்டது. அப்பாவுக்கு அப்போது 14 வயது. அவர் அத்தை வீடு போயிற்று. அத்தை கையில் எடுத்துக்கொண்டு வந்தது ஒரு தையல் மெஷினும் இரண்டு கோழியும் மட்டும்தான். மாதா கோயில் வாசற்படி வரை வந்த லாவா அங்கே இரண்டாகப் பிரிந்து, சுவரைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது. இப்போது அதற்கு லாவா மாதா கோயில் என்றே பெயர். நீ மேற்படிப்புக்குப் போவதற்கு முந்தின நாள் அங்கேதான் மெழுகுவர்த்தி ஏற்றினோம், ஞாபகமிருக்கிறதா? அந்தக் கருங்குழம்பு இன்னும் சுவரை ஒட்டி உறைந்து நிற்கிறது. ஊரில் வீடுகள் போயின, ஓர் உயிர்கூடப் போகவில்லை.

அந்த வருடம் வரை மலையைக் கவனிக்க இங்கே ஆய்வுக்கூடம் இல்லை. அதற்குப் பிறகுதான், 1979இல், மேலே பூர் முராவில் ஒன்று வைத்தார்கள். உள்ளே குழம்பு ஏறினால் மலை உப்புகிறது. பூரி உப்புவது போலக் கண்ணுக்குத் தெரியாது, சென்டிமீட்டர் கணக்குதான். கருவிகள் அதைப் பிடித்துவிடுகின்றன. குட்டி குட்டியாகப் பூமி நடுங்குவதையும் எண்ணிக்கொண்டே இருக்கின்றன. தகவல் வந்ததும் மேலே போகும் நடைபாதையை மூடிவிடுகிறார்கள். நாமும் ரேடியோவைப் போட்டுக்கொண்டு உட்காருகிறோம்.

2007 உனக்கே நன்றாக நினைவிருக்கும், 11 வயது. ஏப்ரல் 2ஆம் தேதி, மலையுச்சியில் இல்லாமல் கீழே கடலுக்குப் பக்கத்திலேயே, லெ த்ராம்ப்லே கிராமத்துக்கு மேலே பிளந்துகொண்டது. அந்தச் சத்தத்தைச் சொல்லவா? நிற்காத ரயில் ஒன்று வீட்டுக்குப் பின்னால் ஓடுவது போல இரவும் பகலும். லாவா கடலில் விழுந்த இடத்திலிருந்து கிளம்பிய வெள்ளைப் புகை கண்ணை எரித்தது. ஜன்னல் இடுக்குகளில் ஈரத்துணி திணித்தோம். மாடியில் காயப்போட்ட துணிமேல் பொன்னிற நூல் போல ஏதோ விழுந்திருக்கிறது என்று நீ கையில் எடுத்தாய். நான் பதறித் தட்டிவிட்டேன், அது கண்ணாடி இழை. கடலில் யாரும் பார்த்திராத ஆழ்கடல் மீன்கள் செத்து மிதந்தன. ஆராய்ச்சிக்காரர்கள் வந்து பொறுக்கிக்கொண்டு போனார்கள். அந்த வாரத்திலேயே உச்சியில் இருந்த தொலோமியு பள்ளத்தின் தரை 300 மீட்டருக்கும் மேல் உள்ளே இறங்கிவிட்டது. கீழே வழிந்ததற்கு ஈடாக மேலே காலியாகி இடிந்துவிட்டதாம்.

சாலை போய்விட்டது. சேன்த் ரோஸில் இருந்த உன் அப்பாயியைப் பார்க்க, மலைமேல் ஏறி, இரண்டு சமவெளிகளையும் தாண்டி, அந்தப் பக்கம் இறங்கிப் போனோம். எத்தனை மாதம் அப்படி அலைந்தோம்! சாலை வேலையில் இருந்த உன் அப்பா அந்த லாவாமேல்தான் புதிய தார்ச்சாலை போட நின்றார். ஷூவின் அடி இளகி வீட்டுக்கு வருவார். சாலை திறந்து வெகுநாள் ஆகியும் மழை பெய்தால் இரண்டு பக்கமும் ஆவி எழும். பல வருடம் அந்தச் சூடு ஆறவில்லை.

போன மாதம் நானும் அப்பாவும் அங்கே வண்டியை நிறுத்தி இறங்கினோம். நீ பார்த்தபோது வெறும் கறுப்பாகக் கிடந்ததே, இப்போது தூரத்திலிருந்து வெள்ளி பூசியது போல இருக்கிறது. குனிந்து பார்த்தால் சின்னச் சின்னக் கற்பாசி, பவளப்பூச்சிக் கூடு மாதிரி, சாம்பல் வெள்ளையில். கல்லின் மேல் முதலில் குடியேறுவது அதுதான். அது பிடித்த இடத்தில், வெடிப்புக்குள், ஈரம் தங்கிய பக்கம் பார்த்துப் பெரணி. பெரணி உதிர்ந்த தூசியில் வேரிறக்கி ஒரு முழம் உயரத்தில் ஒரு செடி, அதில் பூ இருந்தது மலர்! அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். அது நெருப்பாகக் கிடந்ததை அவர் நின்று பார்த்த இடம்.

நீ லீவு நாட்களில் ஓடி விளையாடிய புவன்த் தெ லா தாப்ள் 1986 மார்ச்சில் லாவா கடலுக்குள் இறங்கிச் செய்த நிலம். என்னைவிட வயதில் சின்ன நிலம். எங்கள் காரைக்காலில் கடல் கரையை அரிப்பதைத்தான் பார்த்திருக்கிறேன். தீவு தன் கரையைத் தானே நீட்டிக்கொள்வதை இங்கே வந்துதான் பார்த்தேன்.

சரி, என் பயம் எதன் மேல் என்று கேள். மழை மேல். அதையும் இந்த மலைதான் அழைக்கிறது. தென்கிழக்குக் காற்று கடலிலிருந்து ஈரத்தோடு வந்து மலையில் முட்டி மேலே ஏறுகிறது, குளிர்கிறது, நம் பக்கமே கொட்டிவிடுகிறது. மேற்கே சேன் ஜில் பக்கம் வெயில் காய்கிறது. 1966 ஜனவரியில் உலைமலைச் சரிவில் ஃபோக் ஃபோக் என்ற இடத்தில் 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர். காரைக்காலில் ஒரு வருடம் முழுக்கப் பெய்வதைவிட அதிகம். உலகத்திலேயே அதுதான் சாதனை. 2007 பிப்ரவரியில் காமேத் புயல் வந்தபோது, கொமெர்சொன் பள்ளத்தருகே மூன்று நாளில் 3,900க்கும் மேல். அந்த மூன்று நாளும் நான் பூஜையறையை விட்டு வெளியே வரவில்லை. ஒரு மாதம் கழித்து லாவா வந்தபோது அவ்வளவு பயப்படவில்லை.

நெருப்பு கட்டியதைத் தண்ணீர் கரைக்கிறது, அதுதான் இந்தத் தீவின் கதை. நடுவில் நிற்கும் பித்தோன் தெ நேழ் 3,070 மீட்டர். அது பழைய எரிமலை, கடைசியாகப் பொங்கி சுமார் 12,000 வருடம் ஆயிற்றாம். அது இடிந்து, மழையில் அரிந்துதான் மஃபாத், சிலாவோஸ், சலாஸி என்ற மூன்று மலைக்கிண்ணங்களும் உண்டாயின. மஃபாத்துக்கு இன்றும் சாலை கிடையாது, நடக்க வேண்டும், இல்லாவிட்டால் ஹெலிகாப்டர். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் தோட்டங்களை விட்டுத் தப்பி அங்கேதான் ஒளிந்தார்கள். அந்தப் பெயரே அப்படித் தப்பிய ஒரு தலைவருடையது என்கிறார்கள். செங்குத்துப் பாறைகள்தான் அவர்களுக்குக் காவல். அதே பாறைகள்தான் 1875இல் சலாஸியில் சரிந்து 60க்கும் மேற்பட்டவர்களை மூடின.

1848இல் அடிமைமுறை ஒழிந்த பிறகுதான் அப்பாவின் முப்பாட்டன் போன்றவர்களை நம் பக்கத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றிக் கூட்டம் கூட்டமாகக் கொண்டுவந்தார்கள். கரும்பு நட வேண்டுமென்றால் முதலில் கல் பொறுக்க வேண்டும். எல்லாம் இந்த மலை துப்பிய கல். தோட்டங்களுக்கு நடுவே நீளநீளமாகக் கல்லடுக்கு கிடக்கிறதே, ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் முதுகு வளைந்து அடுக்கியது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசையும்.

ஒன்று சொல்கிறேன், இதை நான் உன்னிடம் சொன்னதே இல்லை. கல்யாணமாகி வந்த முதல் வாரம். வீட்டில் யாருக்கும் தமிழ் தெரியாது, எனக்கு இந்தத் தீவின் கிரியோல் மொழி தெரியாது. சமையலறையில் உன் அப்பாயி பக்கத்தில் பொம்மை மாதிரி நின்றேன். அவர் பூண்டையும் இஞ்சியையும் காட்டி, கையை ஆட்டி, "கலூ, கலூ" என்றார். எனக்கு விளங்கவில்லை. அவரே மூலையிலிருந்து எடுத்து என் கையில் வைத்தார். கறுப்பாக, ஓட்டை ஓட்டையாக, கனமாக ஓர் இடிகல். கல்லு! நான் "கல்லு" என்றேன், அவர் "கலூ" என்றார், இரண்டு பேரும் சிரித்தோம், அப்புறம் நான் அழுதுவிட்டேன். நான்கு தலைமுறையில் மொழியெல்லாம் போய், அந்த ஒரு சொல் எரிமலைக் கல்லில் ஒட்டிக்கொண்டு இருந்திருக்கிறது. முருங்கைக்கீரையை "ப்ரெத் முரூம்" என்று சொல்வார்களே, அதுவும் அப்படித்தான்.

உன் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் ஒருவர் சொன்னதாக நீதான் ஒருநாள் ஓடிவந்து சொன்னாய். இந்த உலையின் அடியில் இருக்கும் சூடுதான் 6.6 கோடி வருடத்துக்கு முன்னால் இந்தியாவின் கீழே இருந்து தக்காணத்தைக் குழம்பால் மூடியதாம். இந்தியா வடக்கே நகர்ந்துவிட்டது. சூடு நின்ற இடத்தில் நிற்க, மேலே இருந்த தரை நகர நகர லட்சத்தீவு, மாலத்தீவு, அப்புறம் மொரிசியஸ், கடைசியில் நம் தீவு. அஜந்தா குகைகளைக் குடைந்த கல்லும் என் கலூவும் ஓர் அடுப்பில் வந்தவை. அன்று இரவு நான் அப்பாவிடம் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். காரைக்காலை விட்டு வெகுதூரம் வந்துவிட்டோம் என்ற ஏக்கம் அன்றைக்குக் கொஞ்சம் குறைந்தது.

அதனால் வீட்டை விற்கமாட்டோம் கண்ணு. கோபித்துக்கொள்ளாதே. புகை அதிகமான நாளில் எனக்கு மூச்சு இழுக்கிறது என்பதை உன்னிடம் மறைக்கவில்லை. அந்த நாட்களில் சேன் பியேரில் உன் சித்தப்பா வீட்டுக்குப் போய்விடுகிறோம். போகச் சொன்னால் போய்விடுவோம், பிடிவாதம் பிடிக்கமாட்டோம், சத்தியம்.

பிரசவத்துக்கு நான் வருகிறேன், மூன்று மாதம் இருப்பேன். அப்பா கடைசி மாதம் வந்து என்னை அழைத்துக்கொள்வார். சிலாவோஸ் பருப்பு இரண்டு கிலோ வாங்கி வைத்துவிட்டேன். பிள்ளை பெற்றவளுக்கான மருந்துப் பொடி காரைக்காலிலிருந்து மாமா அனுப்பிவிட்டார். முருங்கைக்கீரையை நிழலில் காயப்போட்டிருக்கிறேன். அப்பாயியின் கலூவை நீ கேட்டிருந்தாயே, நேற்று அப்பா தராசில் வைத்துப் பார்த்தார், குழவியோடு சேர்த்து ஆறு கிலோ இருக்கிறது. பெட்டிக்கு 23 கிலோதான் விடுகிறார்கள். உனக்கு இப்போதே வேண்டுமா என்று சொல். வேண்டுமென்றால் பருப்பில் ஒரு கிலோவையும் என் ஸ்வெட்டர்களையும் எடுத்துவிட்டுக் கட்டுகிறேன்.

அன்புடன்,
அம்மா