தருமபுரிக் கோட்டை மரபு நடை: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வருகை தந்துள்ள பெரியோர்களுக்கும் என் பணிவான வணக்கம். கடந்த ஆண்டில் நம் சங்கம் செய்த பணிகளில், பழைய கோயில்களையும் தெருக்களையும் நடந்தே சென்று காணும் மரபு நடையே முதன்மையானது என்பதால், இவ்வறிக்கையின் பெரும்பகுதியை அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

ஒவ்வொரு மாதமும் இரண்டாம் ஞாயிறு காலை ஆறரை மணிக்குக் கோட்டை மல்லிகார்ஜுனேசுவரர் கோயில் வாசலில் கூடினோம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழையின் காரணமாக நடை நடைபெறவில்லை. வருவோர் அனைவரும் முதலில் கேட்பது, இந்தக் கோயிலை அதியமான் கட்டினானா என்பதுதான். ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்த அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட தகடூர் இதுவே என்றாலும், அவன் சங்க காலத்தவன். நாம் காணும் கற்கோயில் அவனுக்குப் பல நூற்றாண்டுகளுக்குப் பின், 9ஆம் நூற்றாண்டளவில் நுளம்பர் என்னும் அரச மரபினரின் காலத்தில் உருவானது. நுளம்ப அரசன் மகேந்திரனின் காலத்தைச் சேர்ந்த 893ஆம் ஆண்டுக் கன்னடக் கல்வெட்டொன்று, தகடூரில் எழுப்பப்பட்ட சமணப் பள்ளிக்கு ஓர் ஊரைக் கொடையாக அளித்ததைக் கூறுகிறது. அதியமானின் பெயரைச் சொன்னால் கூட்டம் மகிழும் என்பது உண்மையே. ஆனாலும் காலத்தைக் குழப்பிச் சொல்வதில்லை என்று நம் வழிகாட்டிகள் உறுதியாக இருந்தார்கள். அதற்காக அவர்களை இந்த அவையில் பாராட்டுகிறேன்.

மண்டபத்தில் தரையைத் தொடாமல் நிற்கும் தொங்கும் தூண்களைக் காணவே பெரும்பாலோர் வருகிறார்கள். முதல் நடையில் ஓர் அம்மையார் தம் கைக்குட்டையைத் தூணின் அடியில் ஒரு பக்கம் நுழைத்து மறுபக்கம் இழுத்து எடுத்தபோது, உடன் வந்த குழந்தைகள் கைதட்டினார்கள். எல்லாரும் அவ்வாறே செய்யத் தொடங்கினால் கல்லின் விளிம்பு தேய்ந்துவிடும் என்பதால், அடுத்த நடையிலிருந்து தரையோடு ஒரு கைவிளக்கை வைத்து, இடைவெளியின் வழியே ஒளி கசிவதைக் காட்டினோம். தூணைத் தொடாமலே அதன் வியப்பை அனைவரும் உணர்ந்தார்கள்.

என் பார்வையில், தூணைவிடப் பெரிய செல்வம் காமாட்சியம்மன் சன்னதியின் அடித்தளத்தில் இருக்கிறது. படியேறி அம்மனைத் தரிசிக்கும் அவசரத்தில் யாரும் கீழே பார்ப்பதில்லை. அந்த அதிட்டானத்தைச் சுற்றி இராமாயணக் காட்சிகள் சின்னஞ்சிறு சிற்பங்களாக வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றைக் காணக் குந்தி உட்காரத்தான் வேண்டும். முழங்கால் வலியோடு வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், பேரனின் தோளைப் பிடித்து உட்கார்ந்து, ஒவ்வொரு காட்சியாக அவனுக்குக் கதை சொல்லிக்கொண்டே நகர்ந்தார். அன்று நடை முக்கால் மணி நேரம் தாமதமானது. நான் அதை அவசரப்படுத்தவில்லை, இனியும் அவசரப்படுத்தமாட்டேன்.

அடுத்துப் பரவாசுதேவர் கோயிலை வணங்கிவிட்டுப் பழைய தெருக்களுக்குள் நுழைவோம். இந்தப் பகுதியில்தான் இவ்வாண்டு நம் நெஞ்சு கனத்தது. ஆடி மாத நடையில் வந்தவர்கள் உட்கார்ந்து இளைப்பாறிய திண்ணையும், மரத்தூண்களும், நாட்டு ஓட்டுத் தாழ்வாரமும் கொண்ட வீடொன்று ஆவணி நடைக்குள் இடிக்கப்பட்டுவிட்டது. உரிமையாளரைக் குறை கூற நமக்கு உரிமையில்லை. ஓடு மாற்ற ஆள் கிடைக்காமல், ஒழுகும் வீட்டில் எத்தனை மழைக்காலம் ஒரு குடும்பம் வாழ முடியும்? நாம் வீட்டைப் புகைப்படமாவது எடுத்து வைத்திருந்தோம் என்பதே ஆறுதல்.

இதனையொட்டி, முதிய கொத்தனார் ஒருவரை அழைத்து ஒரு நாள் செய்முறை விளக்கம் நடத்தினோம். சுண்ணாம்பையும் மணலையும் அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் விட்டுப் பதப்படுத்திய காரை, சுவரின் ஈரத்தை வெளியே விட்டுவிடும் என்றும், அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உவர் பூத்துப் பூச்சு பாளம் பாளமாகப் பெயரும் என்றும் அவர் ஒரு சுவரைத் தட்டிக் காட்டி விளக்கினார். கோயில் திருப்பணியிலும் இதே கவனம் தேவை. மாவட்டத்தின் பழைய கோயிலொன்றில் மணலை வேகமாகப் பீய்ச்சியடிக்கும் மணல் வீச்சு முறையில் கல்லைச் சுத்தம் செய்ததால், முன்பு நாங்கள் வாசித்த கல்வெட்டு வரிகள் மழுங்கிப்போனதை இவ்வாண்டு நேரில் கண்டோம். எழுத்து ஒருமுறை போனால் போனதுதான்.

மாண்ட வீரர்களின் நினைவாக நடப்பட்டு, இன்று அரசு அருங்காட்சியகத்தில் உள்ள நடுகற்களோடு நடை நிறைவடைகிறது. நம் பகுதி நடுகற்களுக்குப் பெயர்பெற்றது. தொறு எனப்படும் மாட்டு மந்தையைக் கவர்ந்தவர்களோடு பொருது மாண்ட வீரனின் உருவமும், அதன் மேலுள்ள, வட்டெழுத்து என்னும் பழந்தமிழ் எழுத்தில் அமைந்த வரிகளும் நேர் வெளிச்சத்தில் தட்டையாகத் தெரியும். பக்கவாட்டில் விளக்கைச் சாய்த்துப் பிடித்தால்தான் எழுத்துகள் நிழலோடு எழுந்து நிற்கும்.

வரும் ஆண்டுக்கு மூன்று வேண்டுகோள்களைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். எஞ்சியுள்ள பழைய வீடுகளை உரிமையாளர்களின் இசைவோடு அளந்து வரைபடமாக்க வேண்டும். ஓடு மாற்றவும் காரை பூசவும் தெரிந்த கைவினைஞர்களின் பட்டியலை உருவாக்கி, பழுது பார்க்க விரும்புவோருக்கு அளிக்க வேண்டும். திருப்பணி தொடங்கும் முன் சிற்பங்களையும் கல்வெட்டுகளையும் படமெடுத்துப் பதிவு செய்ய அனுமதி கோரி உரியவர்களுக்கு விண்ணப்பம் அனுப்ப வேண்டும். இவற்றைத் தீர்மானங்களாக நிறைவேற்றித் தருமாறும், இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறும் வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்