ஜோத்பூரில் இருக்கும் பாப்பாவுக்கு

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் எதையாவது ஆரம்பித்தால் "நல்லாத்தான் இருக்கேன்பா, அம்மாகிட்ட குடுங்க" என்று முடித்துவிடுகிறாய். கடிதத்தில் அப்படிக் குறுக்கே பேச முடியாது. மாப்பிள்ளையின் ராணுவ யூனிட் பெயரைப் போட்டு 56 ஏ.பி.ஓ. என்ற பட்டாளத் தபால் விலாசத்தை எழுதினால் முதலில் அவர் கைக்குத்தான் போகும். அதனால் வாடகை வீட்டு விலாசத்துக்கே ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புகிறேன். அவரிடம் மறைக்க ஒன்றுமில்லை. இருந்தாலும்.

முதலில் என்.ஓ.சி., அதாவது தடையில்லாச் சான்று விஷயம். நம் நர்ஸ் கவுன்சிலில் விண்ணப்பம் போட்டாயா இல்லையா? பத்தான்கோட்டில் மாப்பிள்ளைக்கு ஜோத்பூர் மாற்றலுக்கான மூவ்மென்ட் ஆர்டர் வந்த அன்றே சொன்னேன். தமிழ்நாட்டுப் பதிவை மட்டும் வைத்துக்கொண்டு அங்கே தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனால் ராஜஸ்தான் நம்பர் எங்கே என்றுதான் கேட்பார்கள். இங்கிருந்து என்.ஓ.சி. வாங்கி, ஜெய்ப்பூரில் உள்ள அவர்கள் கவுன்சிலில் பதிய வேண்டும். சென்னைக்கு யாராவது நேரில் போய் விசாரிக்க வேண்டும் என்றால் நான் போகிறேன். சாந்தோம் ஒன்றும் எனக்குத் தெரியாத இடமில்லை.

மேட்டூர் திறந்தாச்சு. நம் வாய்க்காலுக்குத் தண்ணீர் வர இன்னும் நாளாகும். அது கிடக்கட்டும்.

வீடியோவை ஏன் அணைத்து வைத்துக்கொண்டு பேசுகிறாய் என்று அம்மா கேட்கச் சொன்னாள். நெட் சரியில்லை என்கிறாய். எய்ம்ஸ், ஐகோர்ட், விமானப்படைத் தளம் எல்லாம் இருக்கிற ஊரில் எப்போதுமா நெட் சரியில்லாமல் இருக்கும்? மத்தியானம் சமைப்பதே இல்லை, காலையில் செய்த ரொட்டியோடு சரி என்றும் கேள்விப்பட்டேன். ஜூன் மாதத்து லூ என்கிற அனல் காற்றில் வெறும் வயிற்றோடு இருக்கக் கூடாது. பட்டாளத்தில் நான் அந்தப் பக்கம் இருந்திருக்கிறேன், தெரிந்துதான் சொல்கிறேன். யார் சொன்னது என்று மாப்பிள்ளையைப் போய்க் கேட்காதே. அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த ஆஸ்பத்திரி இன்டர்வியூவில் என்ன கேட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். "ஹஸ்பெண்ட் ஆர்மியா? அப்ப ரெண்டு வருஷத்துல கிளம்பிடுவீங்க." இதை நீயே எங்களிடம் சொல்லியிருக்கலாம். கோவிட் நேரத்தில் சென்னையில் ஐ.சி.யூ. பார்த்த பெண்ணிடம் வென்டிலேட்டரைப் பற்றி ஒரு கேள்வி இல்லை, புருஷனுக்கு எப்போது மாற்றல் என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். அந்த நாட்களில் ட்யூட்டி முடித்து ஒரு போட்டோ அனுப்பினாயே, மூக்குத் தண்டில் மாஸ்க் அழுத்தி அழுத்தித் தோல் உரிந்து, கன்னத்தில் கண்ணாடி விளிம்பின் கோடு சிவப்பாக. அதைப் பிரிண்ட் போட்டு பீரோவில் என் டிஸ்சார்ஜ் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். வீட்டுக்கு யார் வந்தாலும் காட்டுவேன், அம்மா திட்டுவாள்.

ஆனால் உன்னிடமும் தப்பு இருக்கிறது. அவர்கள் அப்படிச் சொன்னதும் எழுந்து வந்துவிட்டாய். இந்த இரண்டு வருடமும் முழுசாக வேலை பார்ப்பேன் என்று சொல்லத் தெரியாதா? பயோடேட்டாவில் பத்தான்கோட்டு வருடங்களை வெறுமையாக விடாதே. கணவரின் இடமாற்றம் காரணமாக என்று ஒரு வரி எழுது. சென்னை ஆஸ்பத்திரியின் அனுபவச் சான்றும் ரிலீவிங் லெட்டரும் ஒரிஜினலாக இருக்கின்றனவா? ட்ரங்குப் பெட்டியின் அடியில் இருக்கும், பார். அந்தப் பெட்டியை நான் கொடுத்ததே அதற்குத்தான். அதன் மூடியில் என் பெயருக்கு முன்னால் 'நாயக்' என்று எழுதியதை அழித்து 'ஹவில்தார்' என்று எழுதினேன். அதையும் அடித்துவிட்டு மாப்பிள்ளை தன் நம்பரை எழுதியிருக்கிறார். உன் பெயரையும் ஓர் ஓரத்தில் எழுதிக்கொள். கறுப்புப் பெயின்டின் மேல் வெள்ளை எனாமல்தான் நிற்கும்.

எய்ம்ஸ் பற்றி. அவர்கள் நர்ஸ் வேலைக்கு வைக்கும் நார்செட் தேர்வை எழுது. அதற்கு எந்த மாநில கவுன்சில் பதிவு இருந்தாலும் போதும், ராஜஸ்தான் நம்பருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பி.எஸ்சி. நர்சிங்குக்கு அனுபவம்கூடக் கேட்பதில்லை. நூற்றுக்கு எண்பது இடம் பெண்களுக்குத்தான். ஆனால் வயது 30-க்குள் இருக்க வேண்டும், உனக்கு அடுத்த வருடம் முப்பது முடிகிறது. ஓ.பி.சி.க்கு மூன்று வருடம் தளர்வு உண்டு, ஆனால் நம் ஊர் பி.சி. சான்றிதழ் செல்லாது, மத்திய அரசுப் படிவத்தில் கிரீமி லேயர், அதாவது வசதி படைத்த பிரிவு, இல்லை என்று வாங்க வேண்டும். அதற்குப் பெற்றோர் வருமானத்தைத்தான் பார்ப்பார்கள். உன்னைக் கேட்காமலே மன்னார்குடி இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. கோபம் வந்தால் போன் போட்டுத் திட்டு, அதற்காவது வீடியோவில் வா.

எய்ம்ஸ் கிடைத்தால் மார்க்கையும் விருப்பத்தையும் பார்த்து எந்த ஊரிலும் போடுவார்கள். மாப்பிள்ளைக்கும் அடுத்தது ஃபீல்டுதான். அவர் எங்கேயோ எல்லையில், நீ எங்கேயோ குவார்ட்டர்ஸில் தனியாக. அம்மாவுக்கு இதில் சம்மதமில்லை. பெண் பிள்ளை தனியாக இருப்பதற்கா கட்டிக்கொடுத்தோம் என்கிறாள். எனக்குச் சம்மதம். அவர் ஃபீல்டில் இருக்கும்போது நம் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து தேதி கிழிப்பதைவிட ஒரு வார்டில் நிற்பது உனக்கு நல்லது. அம்மா என்னோடு குவார்ட்டர்ஸில் இருந்தபோது தையல் மிஷின் ஒன்றை வைத்துக்கொண்டு லைன் முழுக்கப் பெண்களுக்கு பிளவுஸ் தைத்தாள். மாற்றல் வரும்போதெல்லாம் மிஷினைத் தலை வேறு கால் வேறாகக் கழற்றிச் சாக்கில் கட்டுவோம். போய் இறங்கிய ஊரில் ஒரு பிளவுஸ் வரும்வரை அவள் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவளையே கேட்டுப் பார், மறந்துவிட்டேன் என்பாள்.

பேப்பரில் ஒன்று படித்தேன். கல்யாணம் செய்துகொண்டாள் என்பதற்காக ஒரு ராணுவ நர்ஸை 1988-ல் வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள். 2024 பிப்ரவரியில்தான் சுப்ரீம் கோர்ட் அது தப்பு என்று சொல்லி 60 லட்சம் கொடுக்கச் சொன்னது. முப்பத்தாறு வருடம் அந்த அம்மாள் விடவில்லை. நீ ஒரு இன்டர்வியூவுக்கே... சரி, சொல்லவில்லை.

பக்கத்தில் ஆஷா ஸ்கூல் இருந்தால் அங்கேயும் விசாரி, ராணுவத்தார் மனைவியர் நலச் சங்கமான ஆவா நடத்துவது, மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கானது. சம்பளம் பெரிதாக இருக்காது. காலையில் கிளம்புவதற்கு ஓர் இடம் இருக்கும். மார்வாரி வரவில்லையே என்று தயங்காதே. "கம்மா கணி" என்று ஆரம்பித்தால் எந்தப் பாட்டியும் ஊசிக்குக் கையை நீட்டிவிடுவாள், மீதிக்கு உன் இந்தி போதும்.

திரும்பவும் சொல்கிறேன், என்.ஓ.சி.யை இந்த வாரமே போடு. பதிவைப் புதுப்பிக்கும் தேதியையும் பார், விட்டுவிட்டால் மறுபடி எழுப்புவது பெரிய பாடு.

அம்மா உன்னோடு வந்து கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று நினைக்கிறேன். அவளுக்கும் ஊர் பார்த்த மாதிரி இருக்கும். மன்னார்குடியிலிருந்து உங்கள் ஜோத்பூரின் பகத் கி கோட்டி ஸ்டேஷனுக்கு வாரம் ஒரு ரயில்தான், டிக்கெட்டும் 60 நாளைக்கு முன்னால்தான் திறக்கிறது. ஆவணியில் எந்த வாரம் தோது என்று மாப்பிள்ளையைக் கேட்டுச் சொல். வத்தலும் அப்பளமும் போதுமா, வேறு ஏதாவது வேண்டுமா என்பதையும் எழுது.

இப்படிக்கு,
அப்பா