செய்யாத குற்றத்தின் சுமை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. உடல் தேறி மீண்டும் வேலைக்குச் செல்லத் தொடங்கிவிட்டாய் என்று அறிந்து மகிழ்ந்தேன். இங்கு அனைவரும் நலம். மகள் வேலை கிடைத்து வெளியூரில் தனியாகத் தங்கியிருக்கிறாள்.

உன் கடிதத்தின் பின்பாதியைப் பலமுறை படித்தேன். தேடிய பொருள் கிடைக்காமல் கடையிலிருந்து வெறுங்கையோடு வெளியேறும்போது, எதையோ எடுத்து ஒளித்தவனைப் போல நெஞ்சு படபடக்கிறது என்றும், வாயிற்காவலர் பார்க்கும்படி கைகளை விரித்து நடப்பதாகவும் எழுதியிருந்தாய். அலுவலகத்தில் ஏதேனும் பொருள் காணாமற்போனதாகப் பேச்சு எழுந்தால், எடுத்தவன் நீ அல்லன் என்று உறுதியாகத் தெரிந்தும் உன் முகம்தான் முதலில் மாறுகிறது என்றாய். என் மகளும் ஏறக்குறைய இதையே சொல்லியிருக்கிறாள் என்பதால், இதை மனப்பிரமை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

முகம் சிவப்பதைப் பற்றி 1872-இல் எழுதிய சார்லஸ் டார்வின், அதற்குக் காரணம் குற்றவுணர்வு அன்று, பிறர் நம்மைக் குற்றவாளியாக எண்ணுகிறார்கள் என்ற நினைவே என்று கருதினார். உன் தவிப்பும் இத்தகையதே. செய்த செயலுக்காக அல்ல, அடுத்தவர் மனத்தில் உன்னைப் பற்றி எழுந்திருக்கக்கூடும் என்று நீயே எழுதிக்கொள்ளும் தீர்ப்புக்காகவே நீ வருந்துகிறாய். ஆனால் அந்தத் தீர்ப்பை எழுத அவர்கள் முதலில் உன்னைக் கவனித்திருக்க வேண்டுமே! உளவியலாளர் தாமஸ் கிலோவிச்சும் அவருடைய குழுவினரும் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், சங்கடமூட்டும் படம் பொறித்த சட்டையை அணிந்து ஓர் அறைக்குள் சென்ற மாணவர்கள், அங்கிருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் படத்தைக் கவனித்திருப்பார்கள் என்று நினைத்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்பங்கு அளவே.

எனக்கு இதைவிட முக்கியமாகத் தோன்றுவது வேறொன்று. கைகளை விரித்துக் காட்டுவது, கேளாமலே காரணம் சொல்வது, தேவையில்லாத ஒன்றையாவது வாங்கிக்கொண்டு வெளியேறுவது ஆகியவை அந்த நேரத்துக்கு ஆறுதல் தருகின்றன. ஆனால் அவற்றைச் செய்யாமல் இருந்தாலும் யாரும் உன்னைத் தடுத்திருக்க மாட்டார்கள் என்பதை அறியும் வாய்ப்பையே பறித்துவிடுகின்றன. கிளார்க், வெல்ஸ் என்ற உளவியலாளர்கள் 1995-இல், பிறர் பார்வைக்கு அஞ்சும் சமூகப் பதற்றத்தை விளக்கியபோது, அது நீடிப்பதற்கு இத்தகைய தற்காப்புச் செயல்களை ஒரு முக்கியக் காரணமாகக் காட்டினார்கள். ஆகவே ஒரே ஒருமுறை, காரணம் எதுவும் சொல்லாமல் வெளியே வந்து பார். நெஞ்சு படபடக்கத்தான் செய்யும், படபடக்கட்டும். இதற்கு அஞ்சி வெளியே செல்வதையே குறைக்கும் நிலை வந்தால் மட்டும், தயங்காமல் மனநல மருத்துவரைப் பார்.

ஆளில்லாத தெருவில் முன்னே தனியாக நடக்கும் பெண் அஞ்சக்கூடாது என்று எதிர்ப்பக்கம் மாறி நடப்பதையும் இதே பட்டியலில் சேர்த்திருந்தாய். அதை மட்டும் எடுத்துவிடு. அங்கே நீ எண்ணுவது உன் பெயரை அன்று, அவளுடைய நிம்மதியை. அந்தப் பழக்கம் உன்னோடு இருக்கட்டும்.

தாமதமாக எழுதியதற்கு நீ அரைப்பக்கம் மன்னிப்புக் கேட்டிருந்தாய். எனக்கு அது வேண்டாம். எப்போது எழுதினாலும், நேராகச் செய்தியிலிருந்தே தொடங்கு.

அன்புடன்,
உன் நண்பன்