பாட்டிக்குச் சந்தேகமே வந்ததில்லையா என்று கேட்டாய்

அன்பு மகளுக்கு,

கர்த்தருக்குள் அன்பின் வாழ்த்துகள்.

பாட்டியின் அடக்க ஆராதனை முடிந்த அன்று இரவு போனில் ஒன்று கேட்டாய். "பாட்டிக்கு ஒருநாளும் சந்தேகமே வந்ததில்லையாம்மா?" வீடு நிறைய ஆட்கள். அப்புறம் பேசலாம் என்று வைத்துவிட்டேன். போனில் சொல்லி முடிக்கிற விஷயமும் இல்லை, அதனால்தான் எழுதுகிறேன். வந்ததும்மா. ஒருமுறை பலமாகவே வந்தது.

அதற்கு முன்னால் பாட்டி வேதம் வாசித்த விதத்தைச் சொல்ல வேண்டும். தினமும் மூன்று அதிகாரம், ஞாயிற்றுக்கிழமை ஐந்து. வேதாகமத்தில் மொத்தம் 1189 அதிகாரங்கள். இந்தக் கணக்கில் வாசித்தால் வருஷம் முடிவதற்குள் வெளிப்படுத்தின விசேஷம் முடிந்துவிடும், மறுபடி ஆதியாகமம். கண் மங்கிய பிறகும் பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு விடாமல் வாசித்தார். முதலாம் நாளாகமத்தின் முதல் ஒன்பது அதிகாரங்களும் பெரும்பாலும் பெயர்ப் பட்டியல்தான். நாமெல்லாம் புரட்டிவிட்டுப் போகிற இடம். பாட்டி அதையும் ஒவ்வொரு பெயராக, வாய்விட்டு, நிறுத்தி வாசிப்பார். சின்ன வயதில் எனக்கு எரிச்சலாக இருக்கும். கேட்டால், "ஆண்டவர் ஒவ்வொருத்தர் பேரையும் எழுதி வச்சிருக்காரு. எனக்கு வாசிக்க நேரமில்லையா?" என்பார்.

ஜெபமும் அப்படித்தான். "எல்லாரையும் ஆசீர்வதியும்" என்று மொத்தமாக முடிக்கவே மாட்டார். பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், சபையில் படுத்த படுக்கையாக இருப்பவர்கள், சொத்துத் தகராறில் முகம் கொடுத்துப் பேசாமல் போன உறவுக்காரர் வரை பெயர் சொல்லித்தான் ஜெபிப்பார். அந்த உறவுக்காரர் கடைசிவரை திரும்பி வரவில்லை. பாட்டியும் அவர் பெயரைக் கடைசிவரை விடவில்லை. சபையில் சாட்சி சொல்லும்போது இதை ஒருநாளும் சொன்னதில்லை. கேட்டது கிடைத்தால்தான் சாட்சி என்று நம்மில் பலர் வைத்திருக்கிறோம், அது எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். போட்டோவில் மட்டும் நீ பார்த்திருக்கிற உன் பெரிய மாமா இறந்தபோது எனக்கு விவரம் தெரிகிற வயது. சபை முழுக்க உபவாசம் இருந்து ஜெபித்தும் காய்ச்சல் அண்ணனைக் கொண்டுபோய்விட்டது. வந்தவர்கள் எல்லோரும் "தேவ சித்தம்" என்றார்கள். அம்மா, அதாவது உன் பாட்டி, ஒருவருக்கும் பதில் சொல்லவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல ஆலயத்துக்குப் போனார். பாட்டுக்கு எல்லோரும் எழுந்தபோது அவரும் எழுந்தார். பாட்டுப் புத்தகம் கையில் விரித்தபடி இருந்தது, வாய் மட்டும் திறக்கவில்லை. ஒரு வாரம் இரண்டு வாரம் இல்லை, பல மாதங்கள். நான் ஒருநாள் கேட்டேன், "ஏம்மா பாட மாட்டேங்குற?" "பாட வரல. அதுக்காக அவர் வீட்டுக்குப் போகாம இருக்க முடியுமா?" என்றார்.

நேற்றுத்தான் அவருடைய வேதாகமத்தை எடுத்துப் புரட்டினேன். முதுகு கிழிந்து துணி ஒட்டி வைத்திருந்த அதே புத்தகம். பக்க ஓரங்களில் பென்சிலால் தேதிகள், உன் ஞானஸ்நானம், உன் பரீட்சை, என் ஆபரேஷன் என்று ஏதாவது ஒரு சொல்லும் பக்கத்தில் இருக்கும். 88-ம் சங்கீதத்தில் மட்டும் அண்ணன் இறந்த வாரத்துத் தேதி, வேறு ஒரு சொல்லும் இல்லை. அந்தச் சங்கீதத்தின் பக்கவாட்டில் மேலிருந்து கீழ் வரை ஒரு கோடு, அழுத்திப் போட்டதில் பின்பக்கம் தடித்துத் தெரிகிறது.

அதை எடுத்து வாசித்துப் பார். புலம்பல் சங்கீதங்கள் நிறைய உண்டு, ஆனால் பெரும்பாலும் முடிவதற்குள் ஒரு வெளிச்சம் வந்துவிடும். 13-ம் சங்கீதம் "எதுவரைக்கும்" என்று தொடங்கி "பாடுவேன்" என்று முடிகிறது. 88-ல் கடைசி வசனம் வரைக்கும் விடிவதே இல்லை. நண்பர்களும் விலகிப்போனார்கள் என்பதோடு நின்றுவிடுகிறது. ஆனாலும் அவ்வளவு கசப்பையும் அந்த மனுஷன் வேறு யாரிடமும் போய்ச் சொல்லவில்லை, "கர்த்தாவே" என்று கூப்பிட்டு அவரிடமேதான் கொட்டுகிறான். பாட்டிக்கு வந்த சந்தேகம் அந்த மாதிரி. கோபம் இருந்தது, கேள்வி இருந்தது, பேச்சு மட்டும் நிற்கவில்லை. மறுபடி எந்த ஞாயிற்றுக்கிழமை பாடத் தொடங்கினார் என்று நினைத்து நினைத்துப் பார்க்கிறேன், ஞாபகம் வரவில்லை.

அடக்க ஆராதனையில் போதகர் 2 தீமோத்தேயு 1:5-ஐ எடுத்துப் பேசினார், தீமோத்தேயுவின் பாட்டி லோவிசாளின் விசுவாசத்தைப் பற்றி. நல்ல பிரசங்கம். என் மனசு என்னவோ லூக்கா இரண்டாம் அதிகாரத்து அன்னாளிடம்தான் போனது. புருஷனோடு ஏழு வருஷம் வாழ்ந்துவிட்டு, எண்பத்துநாலு வயதிலும் தேவாலயத்தை விட்டு நீங்காமல் இரவும் பகலும் ஜெபித்த விதவை. அதே இடத்தில் குழந்தை இயேசுவைக் கையில் ஏந்திய சிமியோன் சொன்னதை லூக்கா வரிவரியாக எழுதியிருக்கிறார். அன்னாள் குழந்தையைப் பற்றி எல்லோரிடமும் பேசினாள் என்று இருக்கிறதே தவிர, என்ன பேசினாள் என்று இல்லை. நம் பாட்டி சொன்னதையாவது நாம் எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது. உனக்கு ஞாபகம் இருப்பதை நீயும் எழுதி அனுப்பு.

வேதாகமத்தைத் தபாலில் அனுப்ப எனக்கு மனசில்லை. நீ வரும்போது கையில் வாங்கிக்கொண்டு போ. பென்சில் எழுத்து மங்குகிறது, விரலால் தேய்க்காதே.

அம்மாவின் ஜெபப் பட்டியல் இப்போது என்னிடம் இருக்கிறது. உன் அறைத்தோழிக்கு உடம்பு சரியில்லை என்றாயே, அவள் பெயர் என்ன? பதில் எழுதும்போது மறக்காமல் எழுது.

அன்புடன்,
அம்மா